உள்ளே ஓடும் கடிகாரம்

"கத்தரிக்கோல முதல்ல கீழ வை. வைக்கிறியா இல்லியா?"

"வெச்சாச்சும்மா. நீ கத்துறத நிறுத்து."

"நான் கத்துறேனா? கண்ணாடியில பாத்தியாடி உன் நெத்திய? எலி கடிச்ச மாதிரி இருக்கு. யார் வெட்டச் சொன்னா உன்ன?"

"நீச்சல் தொப்பிக்குள்ள நிக்கவே மாட்டேங்குது. தண்ணிக்குள்ள கண்ணுல வந்து விழுது. டீச்சர்தான் ஏதாவது பண்ணுன்னாங்க."

"ஏதாவது பண்ணுன்னா கிளிப் குத்துவாங்க. இப்பிடி அறுவடை பண்ண மாட்டாங்க."

மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியும் மகளும் ஞாயிற்றுக்கிழமையானால் இப்படித்தான். கீழே இறங்கிப் போய் நடுவர் வேலை பார்க்கலாம் என்று ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வீடு அமைதியாக இருந்தது.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் டிக் என்றது. கீழே எங்கேயோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம். இஸ்திரிப் பெட்டியின் சூடான துணி வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. சண்டை போட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. அந்தச் சண்டை ஹெட்போனுக்குள்தான் கேட்டது என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கீழே போய்ப் பார்த்தார். மனைவி தனியாக நின்று தன் நர்ஸ் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

"இப்ப யார்கூட சண்டை போட்ட?"

"நானா? இஸ்திரிப் பெட்டிகூடதான். சூடே ஆக மாட்டேங்குது." அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முழிச்சு முழிச்சு உங்களுக்கு காது அடைச்சிருக்கு. போய் ஒரு மணி நேரம் படுங்க."

படுக்க முடியாது. அவர் வேலை பார்ப்பது அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில். அங்கே கம்ப்யூட்டர் என்று எது கெட்டாலும் அவர்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் கிடையாது, எல்லோருக்கும் 'சிஸ்டம் சார்'. அட்டையை எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்று வெட்டும் மெஷினுக்குச் சொல்வது பதினெட்டு வருடப் பழைய ஒரு புரோகிராம். அது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வியாழக்கிழமை புகை விட்டுச் செத்துப்போனது. அந்தப் புரோகிராம் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டுமே ஓடும். பழைய சிஸ்டமோ புதுக் கம்ப்யூட்டரில் ஏறாது. மிச்சம் இருந்தது ஒரே வழி: விர்ச்சுவல் மெஷின். அதாவது நிஜக் கம்ப்யூட்டருக்குள்ளே, ஒரு ஜன்னல் அளவில், இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல் பாசாங்கு செய்ய வைத்து, அதற்குள் பழைய சிஸ்டத்தை ஏற்றுவது. திங்கட்கிழமை எட்டு மணி ஷிப்டுக்கு மெஷின் ஓடவில்லை என்றால் நீங்கள் கேட் பக்கமே வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பழைய சிஸ்டம் அதற்குள்ளும் ஏறவில்லை. முக்கால்வாசி தூரம் போகும், நெட்வொர்க் அமைக்கும் இடம் வந்ததும் நிற்கும், பிறகு நீலத் திரை. தவறினால் ஒரு பீப் ஒலி வரும். அதற்காகத்தான் ஹெட்போன் மாட்டியிருந்தார்.

மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று மண்டையில் தட்டியது. உள்ளே இருக்கும் மெஷினுக்கு இன்னும் சவுண்டு டிரைவரே போடவில்லை. பீப்பைத் தவிர வேறு எந்தச் சத்தமும் அதற்கு எழுப்பத் தெரியாது. வெளிச் சத்தத்தை மைக் வழியாக அதற்குள் விடும் கட்டத்தில் டிக்கும் போடவில்லை. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார். காலியாகத்தான் இருந்தது அந்தக் கட்டம்.

அப்போது கீழே குளியலறைக் கதவு திறந்தது.

"கத்தரிக்கோல முதல்ல கீழ வை. வைக்கிறியா இல்லியா?"

"வெச்சாச்சும்மா. நீ கத்துறத நிறுத்து."

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எலி வந்தது. தொப்பி வந்தது. அறுவடை வந்தது. ஒரு சொல் முன்பின் மாறவில்லை. மனைவி எங்கே மூச்சு வாங்குவாள் என்பதுகூட அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. திரையில் பழைய சிஸ்டம் தேதியும் நேரமும் சரிபார்க்கச் சொல்லிக் காத்திருந்தது. அதில் மணி ஒன்று இருபத்தேழு. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பதினாறு.

பதினோரு நிமிடம்.

விர்ச்சுவல் மெஷினின் கடிகாரம் பிசகுவது உலகத்தில் இல்லாத அதிசயம் அல்ல. நிஜக் கம்ப்யூட்டர் வேறு வேலையில் திணறும்போது உள்ளே இருக்கும் கடிகாரம் பின்தங்கும், சில சமயம் முந்தவும் செய்யும். அதைப் பற்றி அவரே நாலு பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். அந்த விளக்கத்தைத் தனக்கே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதற்குள் பீப் அடித்தது. நீலத் திரை.

இந்த வேலையில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார். ஆரம்பிக்கும் முன்னால் ஒரு ஸ்னாப்ஷாட். உள் மெஷின் அந்த நொடியில் எப்படி இருந்ததோ அதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வது. தவறினால் அதற்குத் திரும்பிப் போகலாம், நடந்தது எதுவும் நடக்காததுபோல் ஆகிவிடும். திரும்பிப் போனார். டிஸ்க்கின் வகையைப் பழைய மாதிரிக்கு மாற்றினார். மறுபடி ஓடவிட்டார். தேதிப் பக்கம் வந்தபோது உள் கடிகாரம் இருபத்திரண்டு நிமிடம் முந்தியிருந்தது.

ஹெட்போனைத் தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் புண்ணைச் சொறியாமல் யாரால் இருக்க முடியும். மாட்டினார்.

முதலில் வெறும் இரைச்சல், தூரத்தில் மழை பெய்வதுபோல். அதற்குள்ளிருந்து மெல்ல மெல்ல அவருடைய வீடே எழுந்து வந்தது: டிக்கென்னும் மின்விசிறி, சமையலறை ஸ்டூலின் ஒரு கால் தரையில் உரசுவது, மகள் மூக்கால் ஏதோ பாட்டை இழுப்பது. பிறகு கண்ணாடி உடைந்தது. மனைவி மெதுவாக, "போச்சு, ரெண்டுல ஒண்ணு," என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்தார். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி ஜாடிகள் இரண்டும் உடையாமல் இருந்தன. ஒன்று மேசை ஓரத்தில் இருந்தது. அதை எடுத்து அலமாரியின் உள்பக்கம், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். திருப்தியோடு மேலே வந்தார். இருபத்திரண்டு நிமிடம் கழித்து, சரியாக அந்த நொடியில், கீழே கண்ணாடி உடைந்தது. "போச்சு, ரெண்டுல ஒண்ணு. இத யாருங்க டப்பாவுக்குப் பின்னால வெச்சது? நான் டப்பாவ இழுத்தேன், கூடவே வந்திடுச்சு."

கேட்டது நடந்தே தீரும். எப்படி நடக்கும் என்பது மட்டும்தான் மாறுகிறது.

இரண்டரை மணிக்கு நீச்சல் வகுப்பு வேன் வந்தது. அவருடைய பதினோரு வயது மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. எலி கடித்த நெற்றியோடு அறைக்குள் புயலாக நுழைந்தாள். அவள் என்றைக்கும் கதவைத் தட்டியதில்லை.

"அப்பா, நல்லாருக்கா?"

"சூப்பரா இருக்கு. இன்னும் கொஞ்சம் வெட்டியிருந்தா என் தலை மாதிரி ஆயிருக்கும்."

"போப்பா. உனக்கு வெட்டவே ஒண்ணும் இல்ல." திரையைப் பார்த்தாள். "இன்னுமா இது முடியல? காலையில இருந்து இதே நீலமா இருக்கு."

"சாயங்காலம் நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவள் ஓடினாள். கால் மணி கழித்து மனைவியும் டூட்டிக்குக் கிளம்பினாள். "போன லாக்கர்ல வெச்சிடுவேன். ஏதாவதுன்னா வார்டுக்கு அடிங்க. அவ வந்ததும் தலையத் துவட்டிவிடுங்க, ஈரத்தோட சுத்துவா," என்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். கேட் சாத்தும் சத்தம். அதன்பின் மதியம் வீட்டின்மேல் கம்பளி போர்த்தியதுபோல் உட்கார்ந்துகொண்டது.

மூன்று மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். தொழிற்சாலையின் லைன் இண்டர்நெட் வழியாக அவருடைய கம்ப்யூட்டருக்கே வரும், ஹெட்போனில்தான் பேச வேண்டும்.

"என்ன சிஸ்டம் சார், குழந்தை பிறந்துச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்."

"நாலு நாளா வலி எடுக்குதே. நாளைக்கு காலையில எட்டு மணிக்கு எனக்கு அட்டை வெட்டணும். இல்லேன்னா கத்தியக் குடுத்து உங்களையே உக்கார வெப்பேன். அதுக்கப்புறம் வீட்டுக்குப் போயிடலாம், நிரந்தரமா."

ஒவ்வொரு முறை திரும்பிப் போகும்போதும் இடைவெளி இரட்டிப்பாகிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது. தெரிந்தும் திரும்பிப் போனார். நினைவகத்தை ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பியாகக் குறைத்தார். நாற்பத்து நாலு நிமிடம். பீப். நீலத் திரை. அடுத்த முறை பிராசசர் ஒன்றே ஒன்று போதும் என்று மாற்றினார். எண்பத்தெட்டு நிமிடம். கீறல் விழுந்த அந்தப் பழைய சிடி கர்ரென்று சுற்றியது. பெட்டிக்குள் ஏதோ பல்லைக் கடிப்பதுபோல் இருந்தது. இன்னொரு தரம் அது படிக்கும் என்று நம்ப முடியாது.

ஆனால் இந்த முறை அது நிற்கவில்லை. நெட்வொர்க் கட்டத்தைத் தாண்டியது. பச்சைக் கோடு ஒவ்வொரு கட்டமாக முன்னேறியது. மணி மூன்று இருபத்து நாலு. அவர் சந்தோஷத்தில் நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்த வாக்கில், காதில் ஹெட்போன் இருப்பதையே மறந்து, கண்ணை மூடினார்.

டொக் டொக்.

கதவில் விரல் முட்டி. மெதுவாக, இரண்டே தரம்.

"அப்பா."

வாலுவின் குரல். ஓடி வந்த மூச்சிரைப்பு அதில் இருந்தது.

"உள்ள வா," என்றது அவருடைய குரல்.

அவருடைய குரல்தான். தொண்டையில் எப்போதும் இருக்கும் அந்தக் கரகரப்புகூட இருந்தது. ஆனால் அவர் அவளிடம் அப்படிப் பேசமாட்டார். வாடி குரங்கே என்பார், என்னடி வாலு என்பார். இது வங்கிக் கவுண்டரில் கூப்பிடுவதுபோல் இருந்தது. கதவுக் கீல் கிறீச்சிட்டது. வெகு தூரத்தில், தெருவிலோ எங்கேயோ, ஒரு ஆள் எதையோ கத்தினான். கதவு சாத்திக்கொண்டது. அதன்பின் கீபோர்டில் விரல்கள் தட்டும் சத்தம் மட்டும்.

கேட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வாலு வாயை மூடிக்கொண்டு பத்து நிமிடம் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு சிரிப்பு இல்லை, நாற்காலி இழுபடவில்லை, ஏன்பா எதுக்குப்பா இல்லை. தட்டும் சத்தம், தட்டும் சத்தம், நடுவில் யாரோ யோசிப்பதுபோல் ஒரு நிறுத்தம், மறுபடி தட்டும் சத்தம்.

மூன்று இருபத்து நாலோடு எண்பத்தெட்டு. நாலு ஐம்பத்திரண்டு.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். நிறுத்திவிடலாமா என்று பவர் பட்டன் வரை விரல் போனது. பச்சைக் கோடு எண்பது சதவீதத்தில் இருந்தது. கீறல் விழுந்த சிடி. எட்டு மணி ஷிப்டு. நாற்பத்தேழு வயதில் இனி யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்.

அவர் கணக்குப் போட்டார். தன் வாழ்க்கையிலேயே மிகச் சரியான கணக்கு என்று அப்போது நினைத்தார். ஜாடி உடைய வேண்டும் என்றிருந்தது, உடைந்தது, சரி. ஆனால் ஜாடியை உடைத்தவை வேறு கைகள். இந்தக் குரல் என்னுடையது. என் வாய் என்னிடம் இருக்கிறது. நாலு ஐம்பத்திரண்டுக்கு நான் இந்த அறையில் இல்லை என்றால், வாலுவும் இந்த வீட்டில் இல்லை என்றால், யார் கூப்பிட்டு யார் உள்ளே போவது? மெஷின் பாட்டுக்கு ஓடட்டும். நான் போய் வகுப்பிலிருந்தே அவளைக் கூட்டிக்கொள்கிறேன். எங்கேயாவது ஏழு மணி வரை சுற்றிவிட்டு வருவோம்.

அறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து வெகு காலம் ஆகிறது. துணி காயப்போடும் நைலான் கயிற்றை எடுத்துக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை மாடிப்படிக் கிராதியில் இழுத்து, மூன்று முடிச்சுப் போட்டார். கதவுக்குப் பின்னால் சிடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

நீச்சல்குளம் இருபத்தைந்து நிமிட தூரம். வெயில் சாய்ந்து, தெருவெங்கும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். குளோரின் வாசனை வாசலிலேயே வந்து முகத்தில் அறைந்தது. குளம் காலியாகக் கிடந்தது. ஒரே ஒரு மிதவைப் பலகை நடுத் தண்ணீரில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. நீச்சல் டீச்சர் தரையில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவா? இப்பத்தானே சார் போச்சு. பத்து நிமிஷம் ஆகுது."

"வகுப்பு நாலரை வரைக்கும் இல்ல?"

"நீங்கதானே சார் போன் பண்ணி சீக்கிரம் அனுப்புங்கன்னீங்க. ஒரே வேன்தானே, வேன்காரர் மத்த பிள்ளைகளையும் ஏத்திக்கிட்டு கிளம்பிட்டாரு."

"நான் பண்ணல."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். போனை எடுத்துக் காட்டினாள். நாலு ஐந்துக்கு வந்த அழைப்பு. அது அவருடைய செல்போன் எண் இல்லை. தொழிற்சாலை லைனின் எண். கம்ப்யூட்டர் வழியாக மட்டும் பேசக்கூடிய அந்த எண்.

"உங்க குரல்தான் சார். தொண்டை கட்டின மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். ரொம்ப மரியாதையா பேசுனீங்க."

வேன்காரரை அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவர் போன் எடுக்கமாட்டார், அதற்காகவே எல்லாப் பெற்றோருக்கும் அவரைப் பிடிக்கும். வார்டுக்கு அழைத்தார். யாரோ எடுத்து, இருங்க கூப்பிடுறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனார்கள்.

திரும்பிவந்த வழி அவருக்கு நினைவில் இல்லை. இரண்டு சிக்னல்கள். ஒரு லாரியின் ஹாரன்.

கேட் திறந்திருந்தது. வாசல் கதவில் வாலுவின் சாவி தொங்கியது. கூடத்தில் அவளுடைய ஈரச் செருப்பு, ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க.

மேலே.

டொக் டொக்.

"அப்பா."

"உள்ள வா."

"வாலு, போகாத, போகாதடி," என்று அவர் கத்தினார். கத்திய அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. மதியம் ஹெட்போனில் வெகு தூரத்தில் யாரோ கத்தினானே, அவன் யார் என்று.

கீல் கிறீச்சிட்டது. கதவு சாத்திக்கொண்டது.

படியேறினார். இரண்டிரண்டாக. மேல்படியில் நீச்சல் பை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குட்டிக் குட்டி ஈரக் காலடிகள். கதவு வரை. கதவோடு நின்றன.

கயிறு அப்படியே இருந்தது.

இழுத்துக் கட்டியபடி. கைப்பிடியிலிருந்து கிராதிவரை. மூன்று முடிச்சும் இருந்தன. தொட்டால் வீணைத் தந்திபோல் அதிர்ந்தது. அவர்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. முடிச்சு இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. உள்ளே கீபோர்டு தட்டும் சத்தம்.

கதவைத் தள்ளினார்.

நாற்காலி காலி. ஜன்னலில் கம்பி. கட்டிலுக்கடியில் தூசி. அலமாரிக்குள் சட்டைகள். மின்விசிறி டிக் என்றது. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சின்னக் குட்டை, குளோரின் வாசனையோடு. திரையில் பச்சைக் கோடு இல்லை, நீலம் இல்லை. பழைய சிஸ்டம் முழுதாக ஏறி முடித்துச் சுத்தமாக நின்றுகொண்டிருந்தது. மூலையில் அதன் கடிகாரம். செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு பத்து.

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து கொசு ரீங்காரம்போல் ஏதோ கேட்டது. எடுத்துக் காதில் வைத்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்பா?" என்றாள் வாலு.

"கொஞ்ச நேரம்தான்," என்றது அவர் குரல்.

போலீஸ் வந்தது. வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். வேன்காரரையும் நீச்சல் டீச்சரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். அவரை ஒரு இரவு முழுக்க உட்கார வைத்துக் கேட்டார்கள். கயிற்றைப் பற்றி நாலு தரம் கேட்டார்கள். திங்கட்கிழமை எட்டு மணி வந்து போனது. அட்டை வெட்டியதா, இல்லையா, அவருக்குத் தெரியாது. ஒரு போலீஸ்காரர் கம்ப்யூட்டரை அணைத்து எடுத்துப் போகலாம் என்று வயரில் கை வைத்தபோது, அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்து அந்தப் போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனை எடுத்துப் போலீஸ்காரரின் காதில் வைத்தாள். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். வயரை விட்டுவிட்டு இறங்கிப் போனவர் பிறகு வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர்கள் இருவரும் அந்த அறையில் போய் உட்கார்ந்தார்கள். ஹெட்போனில் முன்னால் கேட்டது எல்லாம் பிறகு வீட்டில் நடந்திருக்கிறது. சண்டை நடந்தது. ஜாடி உடைந்தது. அப்படியென்றால் ஆறு பத்துக்கு வாலு இந்த அறையில் இருந்தாக வேண்டும். மனைவி துவட்டுவதற்குத் துண்டு கொண்டுவந்திருந்தாள். மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

ஆறு ஒன்பது.

அவள் சட்டென்று நகர்ந்து அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். வலது உள்ளங்கையை எடுத்து அவர் வாயின்மேல் அழுத்தி வைத்தாள். சோப்பும் மருந்தும் கலந்த வாசனை. அவள் கண்கள் அவர் கண்களை விட்டு நகரவில்லை. அவர் அவளிடம் ஆயிரம் தரம் சொல்லியிருந்தார், கூப்பிட்டது நான் இல்லை என்று.

ஆறு பத்து.

"இன்னும் எவ்வளவு நேரம்பா?"

ஹெட்போனில் இல்லை. அறையில். காலி நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து, ஒரு சின்னப் பெண் நிற்கும் உயரத்திலிருந்து. அங்கே காற்று மட்டும் இருந்தது.

அவருடைய உதடுகள் அவள் உள்ளங்கைக்கடியில் மூடியிருந்தன. அவளால் அதை உணர முடிந்தது. பற்கள் இறுகியிருந்தன. மூச்சுகூட விடவில்லை.

"கொஞ்ச நேரம்தான்," என்றது அவர் குரல், அவள் காதுக்குப் பின்னாலிருந்து.

அவள் கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினாள்.

இது நடந்து மாதம் ஒன்று ஆகப்போகிறது. அந்தக் கம்ப்யூட்டர் அணையவில்லை. கரண்டு போனால் என்ன ஆகும் என்று மூன்று யுபிஎஸ் வாங்கி வரிசையாக வைத்திருக்கிறார். இருவரும் முறைபோட்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிப் போகப் பயம், அதில் வாலு வருவதற்கு முந்திய மெஷின்தான் இருக்கிறது. இரண்டு கடிகாரமும் ஒன்றானால் வாலு வெளியே வந்துவிடுவாள் என்று நம்பி, உள் கடிகாரத்தைக் கையால் மாற்றினால் ஒரு நிமிடம் நிற்கிறது, பிறகு முன்னைவிட வேகமாக ஓடுகிறது. அதைப் பிடிக்க வெளியே இருக்கும் நாட்களால் முடியவில்லை. போன வாரம் அது பத்தொன்பது நாள் முன்னால் இருந்தது. இன்று காலை நாற்பது. நேற்றுவரை அவள் நேரம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று, பசிக்குதுப்பா என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அதற்கும் அந்தக் குரல் அதே பதிலைத்தான் சொல்கிறது.

இதைப் படிப்பவர்களில் விர்ச்சுவல் மெஷின் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கீழே கமெண்டில் அவருக்கு எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் உள் மெஷினின் கடிகாரத்தை, மெஷினை நிறுத்தாமல், வெளி மெஷினின் நேரத்துக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? அரைகுறையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.